அணைய மறுத்த பச்சை விளக்கு

ஷாஸ்லியோட அம்மாவுக்கு, உன் கிழவன் அப்துல்மவ்ஜூதோட சலாம். அல்லா புண்ணியத்துல நல்லா இருக்கேன், பல்லுதான் ஒண்ணு குறைஞ்சிடுச்சு. உன் முழங்கால் எப்படி இருக்கு? வாய்க்கு ஒரு குறையும் இருக்காதுன்னு தெரியும்.

போன நோன்புல, இந்த பம்ப் ஸ்டேஷன் கன்ட்ரோல் பேனலுக்குள்ள கை வச்சு ஷாக் அடிச்சு செத்தானே நம்ம ஸைதான், அவன் உள்ள இரும்புப் பட்டையில மாட்டிட்டுப் போன பவர் சப்ளைப் பெட்டியை இன்னைக்கு மாத்தச் சொன்னாங்க. மெயினை அணைச்சேன். வழக்கம்போல "தஸ்தூர்"னு உள்ள இருக்கிற ஜின்னுங்ககிட்ட அனுமதி கேட்டுப் பேனல் கதவைத் திறந்தா, அந்தப் பெட்டியில பச்சை விளக்கு எரியுது.

கூட நின்ன உதவிக்காரப் பையன் பரகாத் பின்வாங்கிட்டான். "மாமா, ஸைதான் உள்ள உட்கார்ந்திருக்கான்!"

"டேய் ஸைதான், செத்த பிறகும் வேலையா? சம்பளம் தர மாட்டானுங்கடா, எறங்கு!"ன்னேன்.

விளக்கு அணைஞ்சுது. கையை நீட்டினேன், எரிஞ்சுது. இழுத்துக்கிட்டேன், அணைஞ்சுது. டெஸ்டர் வச்சுப் பார்த்தா முழு கரண்ட். அதுக்கு வர்ற வயரைப் பிடிச்சுக்கிட்டே போனோம். சுவரோரமா எலி கடிச்சு அறுந்து கிடக்கு, எதோடயும் சேரல.

நீ பயப்படாதே. கை வைக்காதேன்னு ஸைதான் சொல்லியிருக்கான், அவ்வளவுதான். அடுத்த வாரம் நாந்தான் கழட்டணும், பரகாத் வர மாட்டானாம்.

ஊர்ல இருந்து வர்றவங்ககிட்ட ரப்பர் கையுறை, டீத்தூள், சீனி குடுத்து விடு. இந்தக் கடுதாசியைக் கொண்டு வர்ற லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், நிறுத்துறேன். சீனியை மட்டும் அள்ளிப் போடு. டீக்கு எனக்கு ஒரு கரண்டி போதும், ஸைதானுக்குத்தான் எப்பவும்போல நாலு வேணும்.