பன்னிரண்டு சலான்களும் ஒரு பேருந்தும்

மழைக்காலம் தொடங்குமுன் பழைய கோப்புகளை எடுத்து வெயிலில் வைப்பது என் வழக்கம். இராயபுரத்துக் கடற்காற்று காகிதத்தை விட்டுவைப்பதில்லை. இன்று காலை மொட்டைமாடியில் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒன்றிலிருந்து கருவாட்டு வாசனை எழுந்தது. அட்டையைப் படிக்காமலேயே அது எந்த வழக்கு என்று தெரிந்துவிட்டது. வழக்கு என்று எழுதியது பிழை. அது நீதிமன்றத்துக்குப் போகவேயில்லை. அந்தக் கோப்பைப் பொறுத்தவரை எனக்குள்ள பெருமையே அதுதான். நீங்கள் ஏலத்தில் எடுத்த பேருந்துக்குப் பணம் செலுத்திய சலான்கள் அதில் இருக்கின்றன. கருவாட்டுக் கூடையில், ஒரு பாலித்தீன் பைக்குள் வைத்து அவற்றை என் மேசைக்குக் கொண்டுவந்தீர்கள்.

நீங்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. உயிரோடு இருந்தபோது நான் எழுதிய கடிதங்களை உங்கள் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பீர்கள். பாதியிலேயே, "சுருக்கமா இன்னா சொல்றாருன்னு கேளு" என்று ஆளனுப்புவீர்கள். இம்முறை அதற்கு வழியில்லை. ஆகவே முழுவதும் எழுதுகிறேன்.

முதன்முதலில் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தபோது நாளிதழின் பக்கம் ஒன்றை எட்டாக மடித்து வைத்திருந்தீர்கள். மணலியில் ஒரு தொழிற்சாலை, தன் ஊழியர்களை ஏற்றி இறக்கிய பழைய பேருந்துகளை ஏலம் விடுவதாக அதில் அறிவிப்பு வந்திருந்தது. காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுத்து, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் தெருத்தெருவாக விற்கும் பெண்கள், உங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரின் சார்பில் வந்திருந்தீர்கள்.

"பஸ்ல ஏறுனா நாறுதுன்னு எறக்கி வுடுறாங்க சார். ஷேர் ஆட்டோக்காரன் எனக்கு ஒரு டிக்கெட்டு, என் அன்னக்கூடைக்கு ஒரு டிக்கெட்டு கேக்குறான். எங்களுக்குன்னு ஒரு வண்டி இருந்தா, நாறுனா எங்க வண்டிதான நாறும்? இன்னா சொல்ற?"

நியாயம்தான். ஆனால் ஏல நிபந்தனைகள் ஒன்பது பக்கம் இருந்தன. நான் அவற்றை விளக்கத் தொடங்கியதும் சிரித்தீர்கள். "நான் பொறந்து வளந்ததே ஏலத்துல. ஏலம் எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

காசிமேட்டு ஏலம் வேறு, இது வேறு என்றேன். அங்கே வாயால் விலை சொல்லி மீனை எடுத்துப் போகிறீர்கள். விற்ற பிறகு ஏலக்காரரிடம் பணம் கொடுக்கிறீர்கள். இங்கே பணம் முழுவதும் போய்ச் சேர்ந்த பிறகே சாவியைத் தருவார்கள். ஏலத்துக்கு முன்பே முன்பணம் கட்ட வேண்டும். ஏலம் உங்கள் பெயரில் முடிந்தால் ஏழு வேலைநாள்களுக்குள் மீதியை வங்கி வழியாக, ஏலம் எடுத்தவரின் சொந்தக் கணக்கிலிருந்து மட்டுமே செலுத்த வேண்டும். தவறினால் முன்பணம் திரும்பாது.

"விக்காத மீனுக்கு மொதல்லயே காசா? நல்லா கீது கதெ," என்றீர்கள். பிறகு தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டேன்.

முன்பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் அன்றே சொன்னீர்கள். ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலத்தில் அடுப்பெரிய வேண்டும் என்பதற்காக ஆளுக்குக் கொஞ்சமாகப் பன்னிரண்டு வீடுகளிலும் ஒதுக்கிவைத்த பணம் அது.

ஏலத்தன்று நீங்கள் பேருந்தை அதிகம் பார்க்கவில்லை. ஒருமுறை சுற்றி வந்தீர்கள், அடியில் குனிந்து துருவை நகத்தால் சுரண்டினீர்கள், அவ்வளவுதான். அதன் பிறகு மற்ற ஏலதாரர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உடைத்து இரும்பாக விற்பதற்காக வந்திருந்த வியாபாரி ஒருவர் விலையை ஏற்றிக்கொண்டே போனார். நீங்கள் அவர் பக்கம் சாய்ந்தீர்கள்.

"அண்ணே, ஒடைக்கறதுக்குத்தான எடுக்குற? அந்தாண்ட நாலு வண்டி நிக்கிதே, அத ஒடையேன். இது ஓடுற வண்டி, பாவம்ண்ணே."

நான் உங்கள் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. ஏலத்தின் நடுவே இன்னொரு ஏலதாரரிடம் பேசுவது கூட்டுச்சதி என்று பொருள்படக்கூடும் என்று காதில் சொன்னேன். "பேசுனா குத்தமா? ஊமைங்களா வெச்சி ஏலம் வுட வேண்டியதுதான?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிக் கேட்டீர்கள். ஏலம் நடத்தியவரே சிரித்துவிட்டார். வியாபாரி இன்னும் இரண்டு முறை ஏற்றிவிட்டு நிறுத்திக்கொண்டார். வரிசையில் மூன்றாவதாக நின்ற அந்தப் பேருந்து உங்களுக்குக் கிடைத்தது. மீதித் தொகையையும் அதைச் செலுத்த வேண்டிய வங்கிக்கணக்கின் விவரத்தையும் தமிழில் தெளிவாக எழுதி உங்கள் கையில் கொடுத்தேன். பணம் தயாராக உள்ளதா என்று கேட்டேன், உள்ளது என்றீர்கள். என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் பிற்பகல் நீங்கள் சலான்களோடு வந்தீர்கள். வேலை முடிந்தவரின் நிம்மதி உங்கள் முகத்தில் இருந்தது. நான் பையைப் பிரித்தேன். ஒரு சலானை எதிர்பார்த்த இடத்தில் பன்னிரண்டு இருந்தன. பன்னிரண்டு பெண்களும் தத்தம் வங்கிக் கிளைக்குப் போய்த் தத்தம் பங்கைத் தத்தம் கணக்கிலிருந்து நேராகத் தொழிற்சாலைக்குச் செலுத்தியிருந்தார்கள். ஏலம் எடுத்தவர் நீங்கள் ஒருவர். ஆகவே பதினொரு பேரின் பணம் நிபந்தனைப்படி மூன்றாம் நபரின் பணம். திருப்பி அனுப்பப்படும் பணம்.

என் குரல் உயர்ந்துவிட்டது. "ஒரே கணக்குலேர்ந்துதான் போகணும்னு படிச்சுக் காட்டினேனேம்மா!"

"காட்டுன. நீ மூச்சு வுடாம அம்மாம் நேரம் படிச்சியா, பாவம்னு தலையாட்டுனேன்." பிறகு உங்கள் குரல் தணிந்தது. "காசிமேட்டுல நாலு பேரு சேந்து ஒரு கூடை எடுத்தா அவங்கவங்க கூறுக்கு அவங்கவங்க கையால காசு குடுக்கணும் சார். எல்லாக் காசும் என் கணக்குல வந்து போச்சுன்னு வெய்யி, நாளைக்கு வண்டி என்துன்னு எனக்கே தோணிப்புடும். அது வாணாம்."

இவ்வளவு ஆண்டுகளில் எத்தனையோ கூட்டு உடன்படிக்கைகளை எழுதியிருக்கிறேன். தன்மீதே தனக்குள்ள சந்தேகத்துக்கு இவ்வளவு நேர்மையாகக் காப்பு தேடிய கட்சிக்காரர் எவரையும் அதற்குமுன் நான் கண்டதில்லை. பணம் தயாரா என்று கேட்ட நான், அது எந்த வழியாகப் போகும் என்று கேட்கவில்லை. குற்றத்தைப் பங்கு பிரித்தால் பெரிய பங்கு எனக்குத்தான் வரும்.

மறுநாள் காலை மணலிக்குப் போனேன். நிதிப்பிரிவு அதிகாரி மரியாதை தெரிந்தவர். "என் கையில என்ன சார் இருக்கு? நாளைக்கு அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தர் வந்து, அது என் காசு, திருப்பிக் குடுன்னு நின்னா நான் என்ன சொல்றது? ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க," என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். பணத்தைத் திருப்பியனுப்பினால் அது உங்கள் பெண்களின் கணக்குகளுக்குத் திரும்ப இரண்டு மூன்று நாளாகும். கெடுவோ அடுத்த நாள் மாலை நான்கு மணிக்கு முடிகிறது.

பன்னிரண்டு பேரும் கூட்டாக வாங்குவதாகவும், எவரும் தன் பணத்தைத் தனியாகத் திருப்பிக் கேட்பதில்லை என்றும், மீறி ஒருவர் கேட்டு அதனால் நட்டம் வந்தால் மற்றவர்கள் ஈடுசெய்வதாகவும் உறுதிமொழி எழுதித் தந்தால் ஏற்பீர்களா என்று கேட்டேன். அவர் நிபந்தனைத் தாள்களை மீண்டும் புரட்டினார். "எழுதிட்டு எல்லாரையும் நேர்ல கூட்டிட்டு வாங்க. மேல கேக்குறேன். கிடைக்கும்னு சொல்லமாட்டேன்."

கெடுநாளன்று பன்னிரண்டு பேரும் வியாபாரத்தை விட்டுவிட்டு மீன் ஏற்றும் வேன் ஒன்றில் வந்திறங்கினீர்கள். வரவேற்பறை நாற்காலிகளில் உட்கார எல்லோரும் தயங்க, "காசு கட்டிகீறோம், குந்துங்கடி," என்று நீங்கள்தான் முதலில் உட்கார்ந்தீர்கள்.

உறுதிமொழியை நின்றபடி படித்தேன். இம்முறை ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினேன். கடைசி வரியில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு' என்று எழுதியிருந்தேன். எங்கள் தொழிலில் மிகவும் கனமான சொற்றொடர் அது. படித்தவர்கள்கூட அதற்குக் கையெழுத்திடுமுன் இரண்டு நாள் அவகாசம் கேட்பார்கள். அதன் பொருளை ஒளிவுமறைவின்றிச் சொன்னேன். ஒருத்தி ஓடிவிட்டால் மற்றவர்கள் அவள் பங்கையும் கட்ட வேண்டும். பதினொரு பேர் ஓடிவிட்டால் மிஞ்சிய ஒருத்தி எல்லாவற்றையும் கட்ட வேண்டும்.

யாரும் திடுக்கிடவில்லை. "இதுக்கா இம்மாம் பேப்பரு?" என்றீர்கள். "தெனம் கூடை எடுக்கும்போது அப்டித்தான சார் நிக்கிறோம். ஒருத்தி குடுக்கலன்னா ஏலக்காரரு எங்களத்தான கேப்பாரு?"

அப்போதுதான் பன்னிரண்டு பேரில் ஒருவரான தேசம்மா பேனாவைக் கீழே வைத்தார். உங்களுக்கும் அவருக்கும் ஒரு வஞ்சிர மீனைக் கூறு போட்டதில் வந்த சண்டை. நான்கு ஆண்டுகளாக நேருக்கு நேர் பேச்சில்லை என்பது எனக்கு அந்த நிமிடம்வரை தெரியாது. கூட்டில் இருந்தார், பணமும் கட்டியிருந்தார், ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டியதை இன்னொருத்தியிடம்தான் சொல்வார். இப்போதும் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இந்தம்மா ஓடிட்டா நான் கட்டணுமா சார்?"

"கட்ட வேண்டும்," என்றேன். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டரை. பன்னிரண்டில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. பன்னிரண்டு வீட்டுத் தடைக்காலச் சோறு தேசம்மா கீழே வைத்த அந்தப் பேனாவில் இருந்தது. சமாதானமாக ஏதாவது சொல்வீர்கள் என்று உங்களைப் பார்த்தேன்.

"ஏண்டி, நான் ஓடுனா நீ வுட்டுடுவியா?" என்றீர்கள், நான்கு ஆண்டுகளுக்குப் பின் நேராக அவரிடம். "எண்ணூரு தாண்டறதுக்குள்ள என் மயிரப் புடிச்சி இட்டாந்துர மாட்ட?"

தேசம்மா சிரிக்காமலிருக்க முயன்று தோற்றார். "இட்டாருவேன். செருப்பால அடிச்சி இட்டாருவேன்," என்று சொல்லிக்கொண்டே கையெழுத்திட்டார். கோடு தாண்டிப் பக்கத்துப் பெயரின் மேலேயும் ஏறியிருந்தது அந்தக் கையெழுத்து. நகலில் இன்றும் அப்படியே இருக்கிறது.

அதிகாரி காகிதத்தை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போனார். ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகவே ஆகியிருக்கும். எனக்கு அது நீண்ட நேரம். திரும்பி வந்தவர் சாவியை உங்கள் கையில் கொடுத்து, "பில் அம்மா பேர்லதான் வரும், உறுதிமொழியை அதோட இணைச்சிடுறோம்," என்றார். நீங்கள் எழுந்து, "நாளிக்கி மத்தியானம் நல்ல சங்கரா மீனு வரும், ஊட்டாண்ட குடுத்தனுப்பட்டா சார்?" என்று அவரைக் கேட்டீர்கள். அது கையூட்டாகக் கருதப்படலாம் என்று நான் குறுக்கிட்டேன். "சாவியே வந்துடுச்சி, இனிமே இன்னா கையூட்டு?" என்றீர்கள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை, முகவரியையும் சொல்லவில்லை, ஆனால் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

உரிமம், தகுதிச் சான்று ஆகியவற்றுக்கு மேலும் மூன்று மாதம் அலைந்தோம். அதன் பிறகு அந்தப் பேருந்தில் உங்களை யாரும் இறக்கிவிடவில்லை. முன் இருக்கைக்காக நீங்களும் தேசம்மாவும் நாள்தோறும் சண்டை போடுவதாகக் கேள்விப்பட்டேன். நேருக்கு நேராகவே.

நீங்கள் போன பிறகு இயந்திரத்தில் பெரிய வேலை ஒன்று வந்தது. ஆளுக்கு ஒரு பங்கு. உங்கள் மகளுக்கு வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் கிடைக்கும் சம்பளத்தில் அது கட்டுப்படியாகாது. உங்கள் பங்கைத் தேசம்மா கட்டிவிட்டு, அந்தப் பங்கை உங்கள் மகள் பெயருக்கு மாற்றி எழுதும்படி என்னிடம் வந்தார். ஏன் கட்டினார் என்று அவரைக் கேட்டேன்.

"ஒருத்தி ஓடிட்டா மிச்சம் பேரு கட்டணும்னு நீதான சார் எழுதுன? ஓடிட்டா. கட்டுறேன்."

அந்த உறுதிமொழி தொழிற்சாலைக்குக் கொடுத்தது மட்டுமே, வண்டி கைமாறிய பிறகு அதன்படி எவருக்கும் புதிய கடமை வராது என்பதுதான் சட்டப்படி சரியான விளக்கம். நான் அதைச் சொல்லவில்லை. தெரிந்த சட்டத்தைச் சொல்லாமல் விட்டதில் எனக்கு வருத்தம் இல்லாத ஒரே இடம் அது.

சென்ற வாரம் தெற்கத்தி ஊரிலிருந்து வந்து இங்கே மொத்த வியாபாரம் செய்யும் சகோதரர்கள் இருவர், கூட்டாக ஒரு கடை வாங்கப் பத்திரம் எழுத வந்தார்கள். முன்பே விவரம் கேட்டு, குறையில்லாத ஒரு வரைவு தயாரித்து வைத்திருந்தேன். அதைப் படித்துக் காட்டவில்லை. மூடி வைத்துவிட்டு, "உங்க வீட்டுல காசு யார் கையிலேர்ந்து யார் கைக்குப் போகும்? மொதல்ல அதைச் சொல்லுங்க," என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூத்தவர், எல்லாம் அக்காவின் கை வழியாகத்தான் போகும் என்று மெதுவாகத் தொடங்கினார். வரைவில் அக்காவின் பெயரே இல்லை. முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அந்த வரைவைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாள் எடுத்தேன்.