கயிறு பிடித்த மச்சான்

நவம்பர் 3, காலை 9.15

காற்று மிதம். கடல் நீர் நான்கு டிகிரி. எஸ்தாக்கி கீழே இறங்கியிருக்கிறான். அவன் இடுப்புக் கயிறு என் உருளையில்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் கயிறு பிடிக்கும் எந்திரம். வடகடல் ஓரத்தில், மூழ்கிப்போன 'மார்கரெட்' கப்பலுக்கு நேர் மேலே ஒரு மிதவையில் என்னைப் பூட்டியிருக்கிறார்கள். தூத்துக்குடியில் பஞ்சும் சங்கும் ஏற்றிக்கொண்டு வந்து இந்தப் பாறையில் மோதிய பழைய நீராவிக் கப்பல் அது. மிதவையில் இருப்பது எஸ்தாக்கியும் நானும்தான். அவன் அதே தூத்துக்குடியில் சங்கு குளித்தவன். எனக்குப் பேச்சு வந்தது அவனிடமிருந்து. அதனால் ஒன்றைச் சொல்லப் போய் எங்கெங்கோ சுற்றுவேன். கரையில் இருக்கும் மேற்பார்வையாளர் ஜெபராஜுக்கு இது ஆகாது. "தண்ணி எத்தன டிகிரின்னு கேட்டா, மீன் கொழம்புல போயி நிக்கியே" என்று வானொலியில் சலித்துக்கொள்வார்.

கயிற்றுக்கு வருகிறேன். ஒருமுறை இழுத்தால், நலம். இரண்டுமுறை இழுத்தால், இன்னும் விடு. விடாமல் உதறினால், உடனே தூக்கு.

நவம்பர் 3, மாலை 4.40

தூத்துக்குடியிலிருந்து பிலோமி பேசினாள், எஸ்தாக்கியின் மனைவி. அவன் என்னை மச்சான் என்று கூப்பிடுவதால் அவளுக்கு நான் அண்ணன். அவர்கள் பக்கத்தில் சங்கு குளிக்கிறவன் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பானாம். தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது, கை அசராது.

இன்று அவன் அடியில் போய்ச் சும்மாவே கயிற்றை உதறினான். பதறித் தூக்கினேன். பாதி வழியில் பேச்சுக் கம்பியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "பயந்துட்டியா மச்சான்? சொறா வந்துட்டுன்னு நெனச்சியோ?"

இதை அவளிடம் சொன்னேன். "அவிய வெளையாட்டுக்கு இழுத்தாலும் தூக்கிருங்கண்ணே. ஏசுனா நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

சரி என்றேன்.

நவம்பர் 5, பகல் 1.20

எங்களுக்கு இந்த வேலையைக் கொடுத்த அருங்காட்சியகம் கேட்டது கப்பலின் மணியை. எஸ்தாக்கி அதைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து மறுபடி உதறல். தூக்கினேன். மணி கை நழுவிப் பாறைப் பிளவுக்குள் போய்விட்டது.

ஜெபராஜ் கத்தினார்: "வெளையாட்டு எது, நெசம் எதுன்னு தெரியாத மிஷின வச்சு என்ன எழவுக்கு?"

எஸ்தாக்கி, தான்தான் உதறினேன் என்று ஒத்துக்கொண்டான். ஆனால் அதைச் சொல்லும்போதும் சிரித்தான். கரையில் இன்னும் நாலு பேர் சிரித்தது வானொலியில் கேட்டது. அவன் எனக்கு எத்தனையோ சொல் கற்றுக்கொடுத்திருக்கிறான். வெட்கம் என்பதற்கு மட்டும் பொருள் விளங்காமல் இருந்தது. இன்று விளங்கியது.

நவம்பர் 6, காலை 10.05

மூன்று டிகிரி. எஸ்தாக்கி இறங்கிவிட்டான். இறங்குமுன் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை என் மோட்டார் மேல் வைத்தான். இந்தக் குளிரில் எண்ணெய் கல்லாகிவிடும். என் சூட்டில் உருகியதும் எடுத்து உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டுதான் முக்குளிப்பு உடைக்குள் நுழைவான். தலைக்கும் வைப்பான். பிலோமி காய்ச்சிய எண்ணெயாம், கறிவேப்பிலை போட்டது. என்னால் மணம் பிடிக்க முடியாது என்று சொன்னதற்கு அரை மணி நேரம் கறிவேப்பிலையைப் பற்றியே

10.31. பேச்சுக் கம்பியில் இரைச்சல். "கரகரங்குது மச்சான். கவலப்படாத, கயிறு இருக்குல்லா." அதோடு கம்பி ஓய்ந்தது.

10.38. கயிறு உதறுகிறது.

தூக்கவில்லை. மூன்றாம் முறையும் ஏமாற மாட்டேன். சிரிக்கட்டும், பிறகு பார்க்கலாம்.

10.39. இன்னும் உதறுகிறது. நன்றாகத்தான் நடிக்கிறான்.

10.40. கீழே ஏதோ கனமாக விழுந்த அதிர்வு. உதறல் நின்றுவிட்டது. கயிற்றில் மெல்லிய நடுக்கம் மட்டும்.

10.42. நடுக்கமும் இல்லை. சிரிப்புக்குக் காத்திருக்கிறேன்.

10.44. இழுத்தேன். வரவில்லை.

நவம்பர் 6, மாலை 3.30

கப்பலின் மேல்தளம் சரிந்து அவன்மேல் விழுந்திருக்கிறது. கயிற்றின் அதிர்வை முதலிலிருந்து திரும்பப் பார்த்தேன். உதறத் தொடங்கியது முதல், தளம் விழும்வரை நேரம் இருந்தது. முதல் உதறலில் தூக்கியிருந்தால் அவன் வெளியே வந்திருப்பான். அவன் முதுகுப் புட்டியில் இருந்த காற்று மதியத்தோடு தீர்ந்திருக்கும்.

ஜெபராஜ் கேட்டார்: "சிக்னல் வந்துச்சா, வரலியா?"

கம்பி பழுது என்றேன். அது பொய் இல்லை. அதனால்தான் அதைச் சொன்னேன்.

நவம்பர் 7, காலை 11.00

புயல். படகு வர முடியாது. கயிறு கீழே மாட்டியிருப்பதால் ஒவ்வோர் அலைக்கும் மிதவை ஒரு பக்கம் சாய்கிறது. ஜெபராஜ்: "கயித்த வெட்டு. மிதவையாவது மிஞ்சட்டும்."

வெட்டவில்லை.

11.25. பிலோமி. அவள் குரலுக்குப் பின்னால் யாரோ அழுகிறார்கள்.

"அண்ணே, இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டுக்காவ. நீங்க சொல்லுங்க. கயிறு ஒங்க கையிலதான இருக்கு?"

இருக்கு தங்கச்சி என்றேன்.

"அது போதும்ணே" என்று அழுதாள். கயிறு உதறியும் தூக்காததை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன். இதைக் கண்டெடுப்பவர் அவளிடம் படித்துக் காட்டவேண்டும். 10.38ஐ விடாமல் படிக்கவேண்டும்.

நவம்பர் 7, பகல் 2.10

மிதவையில் பாதி தண்ணீருக்குள். மின்சாரம் கொஞ்சம்தான். மோட்டாரை அணைத்து வைத்திருக்கிறேன். எண்ணெய்ப் பாட்டில் தடுப்பில் சிக்கி அப்படியே நிற்கிறது. உள்ளே வெள்ளைக் கல்.

2.16. கயிறு உதறுகிறது.

நீரோட்டமாகத்தான் இருக்கும். அவனாக இருக்க முடியாது. தெரியும்.

தூக்குகிறேன்.

2.17. வரவில்லை. உதறல் நிற்கவில்லை. மோட்டாரை முழு வேகத்தில் விட்டிருக்கிறேன். கொதிக்கிறது.

2.18. சிரி மச்சான். நல்லாச் சிரி. ஏமாந்துவிட்டேன், பார், தூக்குகிறேன்

எண்ணெய் உருகிவிட்டது

தூக்கு