மூன்று சொல்லும் ஏழு பாட்டன்மாரும்

அன்பு மகள் பெர்மெத்துக்கு அப்பா சொல்லி எழுதுவது. மேய்ச்சல் மலையில் குதிரைகள், ஆடுகள், நான், அந்த வரிசையில் சுகம். கீழே உன் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. எனக்கு எழுத்து தெரியாததால் பேனா உன் தம்பி நுர்காசி கையில் இருக்கிறது. நீளமாகச் சொன்னால் பாதியில் தொலைத்துவிடுகிறான், அதனால் துண்டு துண்டாகச் சொல்கிறேன்.

கூட்டுப் பண்ணை ஆடுகளைப் பங்கு போட்டு, ரூபிள் நோட்டு போய் சோம் நோட்டு வந்து, நம் கறுப்பு நாய் பனிச்சரிவில் போனதே, அந்த வருஷம்தான் தம்பிக்கு அணைத்த ரேடியோ பேச ஆரம்பித்தது. மாத்திரையில் ரேடியோ அடங்கியது, ஆனால் சொன்னது மனதில் நிற்கவில்லை. இந்தக் கோடையில் மலைக்கு விடுவதா ஆஸ்பத்திரியில் வைப்பதா என்று டாக்டரம்மா வேரா சோதித்துத்தான் சொல்வேன் என்றார். குதிரைகள் குட்டி போடும் நேரத்தில் வார்டில் படுக்க மாட்டேன் என்று இவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. உன் சித்தப்பா அப்தில்தாவோ, அப்பன் முதல் மேலே ஏழு தலைமுறைப் பாட்டன் பேரையும் தூக்கத்தில் சொல்கிறவனுக்கு ஞாபகம் இல்லை என்று எவள் சொன்னது என்று கிளம்பிவிட்டான். இவன், நான், உன் அம்மா, சித்தப்பா, சித்தி என்று ஐந்து பேர் போனோம்.

டாக்டரம்மா லாடம், ஆப்பிள், பாலம் என்று மூன்று சொல் கொடுத்து, கொஞ்ச நேரம் வானிலை பேசிவிட்டுத் திருப்பிக் கேட்டார். பாட்டன் பேர் சொல்லும் பிள்ளை திணறினால் பெரியவர்கள் எடுத்துக் கொடுப்பதுதானே நம் வழக்கம்? சித்தப்பா கடிப்பதுபோல் வாயை அசைத்தான், உன் அம்மா பாலம் என்று உரக்கவே சொல்லிவிட்டாள். “நான் யார் தலையைச் சோதிக்கிறேன், ஐயா? அஞ்சு தலை பதில் சொல்லுது” என்று எல்லோரையும் வெளியே அனுப்பினார். புது மூன்று சொல் கொடுத்தபோது இவனுக்கு ஒன்றுதான் வந்ததாம். மற்ற இரண்டு எங்கே என்றதற்கு, “சித்தப்பா வெளிய எடுத்துட்டுப் போயிட்டாரு” என்றானாம். சித்தப்பா கதவுக்கு வெளியிலிருந்தே பாட்டன்மாரைச் சொல்லச் சொல்லிக் கத்தினான், இவனும் மழைபோல் சொன்னான். “அது பழைய பெட்டியில பத்திரமா இருக்கு. இப்ப கையில குடுத்ததுதான் நிக்கல” என்று கதவைத் திறந்து சொன்னார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரிதான் என்று முடிவாகும்போலிருந்தது.

அப்போதுதான் உன் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நீ எழுதிய எலி மூளைச் சங்கதியை நான் எடுத்துவிட்டேன். மூளையில் ஒவ்வொரு உயிரணுவும் கிளை விட்ட மரம், கிளையில் மொட்டு, மொட்டில் கதவு, யாரும் வராத மொட்டு உதிர்ந்துவிடும் என்றாயே. சேதியோடு ஒருவன் குதிரையில் வருகிறான், கூடாரக் கதவு திறக்கவில்லை, நாலு முறை வந்து பார்த்துவிட்டு நின்றுவிடுகிறான், பாதையில் புல் முளைக்கிறது, இவன் மறதி அதுதான். இன்னொரு கதவு யாரும் வராமலே படபடவென்று அடித்துக்கொள்கிறது, ரேடியோ அதுதான் என்று சொன்னேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, “கதவு திறக்கலைன்னாலும் நீங்க ஆள் அனுப்பிக்கிட்டே இருப்பீங்களா?” என்று கேட்டார். நானே போகிறேன் என்றேன், இவனை மலைக்கு விட்டார். அதனால்தான் இந்த முட்டியோடு மறுபடி மலையேறியிருக்கிறேன்.

காலையில் முதல் பால் கறக்கும்போது மாத்திரை. இவன் மறந்தாலும் குதிரை கனைத்துக் கூப்பிடுகிறது. மாத்திரையோடு போதையேற்றும் புளித்த குதிரைப்பால் கூடாது என்றதால் இவன் கிண்ணத்தையும் சித்தப்பாவே குடித்து வைத்தியத்துக்கு உதவுகிறான். சாயங்காலம் மூன்று சொல் கொடுத்துக் கேட்கிறேன். நேற்று இரண்டு சொன்னான். மூன்றாவது எனக்கும் மறந்துவிட்டதால் சண்டை வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், எலிக்கு இல்லை, தம்பிக்குச் சொல்: உதிர்ந்த மொட்டு துளிர்க்குமா? தெரியாது என்றால் தெரியாது என்றே எழுது, அவனே படித்துச் சொல்வான்.

கம்பளிக் காலுறை போடு, நன்றாகச் சாப்பிடு, உன் பாதையில் என்றும் புல் முளைக்காதிருக்கட்டும். படுக்கும்முன் தம்பி பாட்டன்மாரைத் தூரத்திலிருந்து கிட்டத்துக்குச் சொல்லி வருவான். ஆறு பேருக்கும் வெளியே காற்றுதான் பதில். ஏழாவது பேரைச் சொல்லிவிட்டு நிறுத்திக் காத்திருப்பான். இருக்கேன்டா என்பேன்.

அந்த ஏழு பேரில் இன்னும் உயிரோடிருக்கும்
எசென்பாய்