சீல் வைத்த படங்கள்

20.6.2005
கம்ப்யூட்டர் லேபில் மறுபடி கரண்ட் போய்விட்டது. எரிச்சலோடு உட்கார்ந்திருந்தபோது ஆபீசில் எனக்கு போன். ஆறாம் வகுப்பு சுகப்பிரியாவின் அப்பா மாசானம். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். கண் தெரியாதவர். எழுத்தை வாசித்துச் சொல்லும் சாஃப்ட்வேர் கம்பெனி கம்ப்யூட்டரில் இருக்கிறதாம்.

"நம்ம ஸ்கூல் வெப்சைட்ல மட்டும் 'படம்'னு சொல்லிட்டு நின்னுருது டீச்சர். பிள்ளையோட அம்மாவும் தவறிட்டா. நோட்டீஸ் எல்லாம் பிள்ள வாசிச்சுத்தான் கேக்கேன். நானே வாசிக்கணும்னு ஆசையா இருக்கு."

படம்தான். கையெழுத்தும் சீலும் வாங்கி, ஸ்கேன் செய்து ஏற்றுகிறவள் நானேதான். இத்தனை நாள் எனக்கு ஏன் தோன்றவில்லை?

22.6
கரஸ்பாண்டென்ட் கோதண்டராமன் சாரிடம் கேட்டேன். "இன்னாமா நீ, சீல் இல்லாத நோட்டீஸ எவன் நம்புவான்? நாளைக்கே எவனாவது லீவுன்னு டைப் அடிச்சி போட்டுட்டா?"

வெப்சைட்டுக்குள் எவன் வந்து டைப் அடிப்பான்! விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

29.6
மறுபடி கேட்டேன். மறுபடி சீல்.

8.7
சீல் வைத்த படம் மேலே இருக்கட்டும், கீழே அதையே எழுத்தாகவும் போடுகிறேன் என்றேன். "சீல் கீதுல்ல? அப்போ இன்னா வேணா பண்ணிக்கோ."

போன வருஷத்து நோட்டீஸ்களையும் டைப் அடிக்கப் போகிறேன். யாரும் கேட்கவில்லை. வீம்புதான்.

1.8
முடிந்தது. மாசானம் சாருக்கு போன் செய்து, போய்ப் பார்க்கச் சொன்னேன். "வாசிக்கு டீச்சர்! எல்லாம் வாசிக்கு!" என்று சிரித்தார். வெகுநாள் கழித்து நானும் சிரித்தேன்.

3.8
மாசானம் சார் போன். குரலில் முந்தாநாள் சிரிப்பு இல்லை.

"போன வருஷம் பேரன்ட்ஸ் மீட்டிங் நடந்திருக்கே டீச்சர். அதை நிப்பாட்டிட்டாங்கன்னுல்லா பிள்ள சொன்னா."

"அவகிட்ட ஒண்ணும் கேட்டுராதீங்க" என்று வைத்துவிட்டார்.

வகுப்பு டீச்சர் மீனம்மாளிடம் விசாரித்தேன். நாலாம் வகுப்பில் அவள் அப்பா மீட்டிங்குக்கு வந்துபோன மறுநாள், பையன்கள் கண்ணை மூடிக் கையை நீட்டிக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தார்களாம். அதனால்தான் போன வருஷ மீட்டிங்கை அவரிடம் மறைத்திருக்கிறாள்.

ஐயோ. நல்லது செய்யறேன்னு கிளம்பி என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

5.8
அடுத்த சனிக்கிழமை மீட்டிங். அந்த நோட்டீசையும் நான்தான் டைப் அடித்தேன். போடாமல் விட்டால் நானும் அவரிடம் மறைத்ததாகாதா? போட்டேன்.

13.8
மாசானம் சார் மீட்டிங்குக்கு வரவில்லை. எல்லோரும் போய், நாற்காலிகளை அடுக்கும்போது சுகப்பிரியா லேப் வாசலில் நின்றாள்.

"மிஸ், வெப்சைட் நோட்டீஸ் எல்லாம் இப்போ அப்பாவே படிப்பாங்களா?"

"படிப்பார்."

"பழசையுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றேன்.

முகம் சுருங்கிப் போயிற்று. "நேத்தே சட்டை அயர்ன் பண்ணி வச்சாங்க மிஸ். காலைல ட்யூட்டி இருக்கு, வரமுடியாதுன்னுட்டாங்க. ஆனா கம்பெனிக்குப் போகல. வீட்லதான் இருக்காங்க." அழுதுவிட்டாள். "கூட்டிட்டு வரட்டுமா? மீட்டிங் முடிஞ்சிடுச்சா மிஸ்?"

"முடியல, ஓடு" என்றேன். பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய மீனம்மாளைக் கெஞ்சி உட்காரவைத்தேன்.

வெகுநேரம் கழித்து இருவரும் வந்தார்கள். அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"ட்யூட்டில லேட்டாயிட்டு டீச்சர்" என்றார். சுகப்பிரியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் கையை மட்டும் விடவில்லை.

"பரவாயில்லை சார், உட்காருங்க" என்றேன்.