டாப் லிங்கின் நீளம்

நூம்பல்,
12.06.2025, வியாழன்

அன்புள்ள கனகவல்லிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

10ஆம் தேதி கிடங்கு வேலைக்கு விடுப்பு எடுத்து, நம் டிராக்டரையும் கலப்பையையும் மேலே இணைக்கும் திருகுத் தண்டுக்குப் பதிலாக, இருக்கையிலிருந்தே நீட்டிச் சுருக்கக்கூடிய ஹைட்ராலிக் டாப் லிங்க் வாங்க அம்பத்தூர் சென்றேன். கலப்பை மட்டமாக நிற்கையில் பழைய லிங்க் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் என்றாய் அல்லவா? சுருங்கிய நிலையில் அதே நீளமுள்ளதைக் கேட்டேன். கடைக்காரர் துலுக்கானம் சிரித்துவிட்டார்.

"இன்னா பெரியவரே, சுருங்குனதே அம்பத்தெட்டுன்னா அப்பால இன்னும் எப்டி சுருங்கும்? நீட்டத்தான் முடியும்!"

பிழை என்னுடையதே. கலப்பையை முன்னும் பின்னும் சாய்த்து, மிகக் குறைந்த நீளத்தையும் மிக அதிக நீளத்தையும் அளந்து வை. இரண்டும் அடங்குவதாக வாங்கிவிட்டால், திருகைச் சுழற்ற நீ ஒவ்வொரு முறையும் இறங்கி ஏற வேண்டியதில்லை.

அளவுகளை வாட்ஸப்பில் அனுப்பாதே. 15ஆம் தேதி ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அழைத்து நீயே சொல். நிதானமாகத்தான் எழுதிக்கொள்வேன், உடனே வைத்துவிடாதே.

கிடங்கு வேன் வந்துவிட்டது.

உன்
சபாநாயகம்