நுனியில் முடிச்சு இல்லாத ஸ்கார்ஃப்

ஜூன் 10, திங்கள்

மாஸ்டர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பட்டாசின் அம்மா எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இஸ்திரிக் கடை வைத்திருப்பவள். என் மகளுக்குப் பட்டாசு என்று பட்டப்பெயர் வைத்ததே நீங்கள்தான், அதனால் மறந்திருக்க மாட்டீர்கள். போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. பள்ளிக்கூட ஆபீசில் கேட்டு உங்கள் முகவரியை வாங்கினேன். போனைத்தான் எடுக்காமல் இருக்கலாம், தபால்காரரை வாசலில் எத்தனை நேரம் நிற்க வைப்பீர்கள்? நான் ஏழாவது வரைக்கும் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் மனசுக்குள்ளேயே திருத்திக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு நீங்களும் ஊரை விட்டுப் போய்விட்டீர்கள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் சாரணர் உடுப்பைப் போட்டுக்கொண்டு மைதானத்து ஷெட் முன்னால் வந்து வரிசையாக நிற்கிறார்கள். ஷெட் பூட்டிக் கிடக்கிறது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பூட்டுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போகிறார்கள். என் கடையிலிருந்து நேராகத் தெரிகிறது. பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. போன வாரம் கரிப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போய் ஒரு கல்லால் பூட்டை உடைத்தேன். ஹெட்மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

"ஆன்ட்டி, இனிமே நீங்கதான் மாஸ்டரா?" என்று கேட்டான், நீங்கள் குண்டான் என்று கூப்பிடுவீர்களே, அவன்.

"அவர் வர்ற வரைக்கும் நான்தான்டா. முதல்ல சட்டையை உள்ளே விடு. கசங்கின துணியைப் பார்த்தா எனக்குக் கை அரிக்கும்."

கழுத்தில் கட்டுகிற ஸ்கார்ஃபெல்லாம் சுருண்டு கிடந்தன. நுனியில் வேறு ஆளுக்கு ஒரு முடிச்சு. துணியை அழுக்காக்குவது போதாது, முடிச்சு வேறா என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் அவிழ்த்துத் தேய்த்து, மடித்து நீட்டினேன். கண்ணாடி போட்ட அந்தப் பெண், என் மகளோடு ஒட்டிக்கொண்டே திரிவாளே, அவள் அலறிவிட்டாள்.

"ஐயோ ஆன்ட்டி! முடிச்சை ஏன் அவுத்தீங்க? நான் இன்னைக்கு ஒண்ணுமே பண்ணலையே!"

பிறகுதான் சொன்னார்கள். காலையில் நுனியில் முடிச்சுப் போட வேண்டும், யாருக்காவது ஒரு நல்ல காரியம் செய்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும், செய்ததை வாய்விட்டுச் சொல்லிக்காட்டினால் செல்லாது என்று. இது எனக்கு எப்படித் தெரியும்? வாய் ஓயாத பட்டாசு இதை மட்டும் என்னிடம் சொல்லவே இல்லை. மறுபடியும் உட்கார்ந்து எல்லாருக்கும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். குண்டான் மட்டும், "எனக்கு வேணாம், நான் காலையிலயே முடிச்சிட்டேன்" என்றான். முகத்தைப் பார்த்தால் நம்பும்படி இல்லை. ஆனால் சாரணர் சொன்னால் நம்ப வேண்டுமாமே, நம்பினேன்.

வீட்டுக்குப் போய் அவள் முகாமிலிருந்து கொண்டுவந்த பையைத் திறந்தேன். அதுவரை நான் அதைத் தொடவில்லை. ஸ்கார்ஃப் மேலாகவே இருந்தது. நுனியில் முடிச்சு இல்லை. போட்டு அவிழ்த்த சுருக்கம் மட்டும் இருந்தது. துணிச் சுருக்கம் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

முகாமின் கடைசி நாள் அவள் என்ன செய்தாள் மாஸ்டர்? அவள்தான் சொல்லக் கூடாது. பார்த்தவர் சொல்லலாம் இல்லையா?

இன்னொன்று. கை குலுக்குவது இடது கையா, வலது கையா? பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
பட்டாசின் அம்மா

*

ஜூன் 20

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. நான் இங்கே என் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அவருடைய மரக்கடையில் அளவு போடுகிறேன்.

சாரணர்கள் இடது கையைத்தான் குலுக்குவார்கள். இதயம் அந்தப் பக்கம் இருப்பதால் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

ஷெட்டில் உள்ள பொருட்களை ஹெட்மாஸ்டரிடம் ஒப்படைத்துவிடுங்கள். வேறு பள்ளியின் சாரணர் படையோடு பிள்ளைகளைச் சேர்த்துவிடுவார்கள். இந்தச் சுமை உங்களுக்கு வேண்டாம். அதுவும் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் "என் பிள்ளையை ஏன் சார் கூட்டிக்கிட்டுப் போனீங்க?" என்று என்னைக் கேட்டீர்கள். இனி நான் எந்தப் பிள்ளையையும் எங்கும் கூட்டிப் போகிற தகுதி உள்ளவன் இல்லை.

கடைசி நாள் பட்டாசு எல்லாருடைய பாத்திரங்களையும் கழுவி வைத்தாள். அதுதான் அவள் செய்த நற்செயல் என்று நினைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மாஸ்டர்

*

ஜூன் 25, செவ்வாய்

மாஸ்டருக்கு,

கடிதம் வந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு, அதற்கு உங்களுக்கு நன்றி. பாத்திரம் கழுவினாளா? என் மகளா? சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு, "அம்மா, தட்டு உன்னைக் கூப்பிடுது" என்று சொல்லிவிட்டு ஓடுகிறவள் அவள். என் பிள்ளையைப் பற்றி என்னிடமே கதை விடுகிறீர்களே. சாரணர் பேச்சை நம்ப வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முதல் பாடம் நடத்தினவர் நீங்கள். உண்மையை எழுதுங்கள். கசப்பாக இருந்தால் குடித்துக்கொள்கிறேன்.

வராந்தாவில் கேட்டேன். ஆமாம். கேட்க மாட்டேனா? பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்ல வேண்டும், ஊரை விட்டா ஓடுவது? நான் கேட்ட கேள்வி, நீங்கள் போன பிறகும் அந்த வராந்தாவிலேயே நிற்கிறது.

ஹெட்மாஸ்டரிடம் எதையும் ஒப்படைக்கவில்லை. அவருக்கு ஒரு கூடாரத்தை மடிக்கத் தெரியுமா? கூடாரங்களை வெயிலில் போட்டுத் தட்டினேன், எலி ஒன்று குடும்பத்தோடு காலி செய்துகொண்டு போனது. போன சனிக்கிழமை பிள்ளைகளுக்கு அடுப்பு மூட்டக் கற்றுக்கொடுத்தேன். தினமும் கரி மூட்டுகிற கைக்கு அது ஒரு வேலையா? ஆனால் திசைகாட்டும் பெட்டியை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. என்னை நம்பிப் போயிருந்தால் எல்லாரும் ஹெட்மாஸ்டர் வீட்டுக் கோழிக்கூண்டில் போய் நின்றிருப்போம். அந்தக் கண்ணாடி போட்ட பெண்தான் திருப்பிப் பிடித்துக் காட்டினாள்.

ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை முகாமுக்கு நாள் குறித்துவிட்டேன். தூரம் இல்லை, மைதானத்திலேயேதான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் உறுதிமொழி எடுக்க வேண்டும். அதை மாஸ்டர்தான் வாங்க வேண்டுமாம். நான் வாங்கினால் செல்லாது என்று கண்ணாடி சட்டம் பேசுகிறாள். நீங்கள் வர வேண்டும்.

பட்டாசின் அப்பா லாரி ஓட்டிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறார். வீட்டில் இருக்கிற நாளிலும் பேசுவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார். நானாவது இஸ்திரிப் பெட்டியோடு பேசுகிறேன்.

பதில் எழுதுங்கள். பாத்திரம் இல்லாத பதில்.

பட்டாசின் அம்மா

*

ஜூலை 8

அம்மாவுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். பொய் சொன்னதற்கு மன்னியுங்கள்.

முகாம் ஏரிக்கரையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். முந்தின நாள் மழை. பகலிலேயே கொசு மொய்த்தது. கடைசி நாள் நடைப்பயணம் முடிந்து, மதியம் பிள்ளைகள் மரத்தடியில் படுத்தார்கள். ஆளுக்கு ஒரு கொசுவலை கொடுத்திருந்தேன். சின்னப் பிள்ளை ஒருவனின் வலை கிழிந்துபோயிருந்தது. அவன் கையைக் காலைச் சொறிந்துகொண்டே தூங்கிவிட்டான்.

பட்டாசு எழுந்தாள். தன் வலையைக் கழற்றி அவன் மேல் கட்டினாள். ஓசையே இல்லாமல். பிறகு உட்கார்ந்து ஸ்கார்ஃப் நுனி முடிச்சை அவிழ்த்துவிட்டு, வலை இல்லாமல் படுத்துக்கொண்டாள். அவனுக்கு இன்றுவரை தெரியாது. என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

நான் எழுந்து போய் என் வலையை அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. படுத்தபடியே பெருமைப்பட்டேன். நான் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினேன். அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல்.

கொடுக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவள் கொடுத்தாள். இனி எந்த வாயால் இன்னொரு பிள்ளையிடம் அதே பாடத்தைச் சொல்வது? இதுதான் உங்கள் கேள்விக்கு நான் சொல்லாமல் ஓடிய பதில்.

என்னைத் திட்டி எழுதினால் சந்தோஷமாகப் படிப்பேன்.

மாஸ்டர்

*

ஜூலை 14, ஞாயிறு

மாஸ்டர் தம்பிக்கு,

என்னைவிட வயதில் சின்னவர் நீங்கள். இன்றைக்கு மட்டும் தம்பி என்று கூப்பிட்டுத் திட்டுகிறேன்.

கடிதம் வந்த அன்று கடையைத் திறக்கவில்லை. பெட்டியில் கரி போடவில்லை. படுத்தே கிடந்தேன். மறுநாள் எழுந்து தேய்க்க ஆரம்பித்தேன், யாருடைய துணி, எந்த வீட்டுத் துணி ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள்தான் கோபம் வந்தது. அப்பாடா, கோபம் வந்துவிட்டது, இனி பிழைத்துக்கொள்வேன் என்று நினைத்தேன்.

நீங்கள் சொல்லிக்கொடுத்து அவள் கொடுத்தாளா? நாலு வயதில் தன் தட்டில் இருந்ததைப் பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போட்டுவிட்டு, "அம்மா, நான் சாப்பிட்டுட்டேன்" என்று வயிற்றைத் தடவிக் காட்டினவள் அவள். புதுச் செருப்பைக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வந்து என்னிடம் அடி வாங்கினவள். அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அது அவளுடைய குணம். அதற்கு நீங்கள் பெருமைப்படவும் வேண்டாம், பாவம் சுமக்கவும் வேண்டாம். இரண்டுக்கும் உங்களுக்குப் பாத்தியதை இல்லை. உங்கள் வலையைக் கொடுத்திருந்தால் அதையும் இன்னொருவனுக்குக் கட்டியிருப்பாள்.

எங்கள் தெருவிலேயே அந்தச் சமயம் இரண்டு வீட்டில் அதே காய்ச்சல். ஏரிக்கரைக் கொசுவா, எங்கள் சாக்கடைக் கொசுவா, யார் பிடித்து விசாரித்தார்கள்? டாக்டருக்கே தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

ஒரு தப்பு உங்களுடையதுதான். அதை விடமாட்டேன். கிழிந்த வலையோடு பிள்ளைகளைக் கூட்டிப் போனீர்கள். "தயார்" என்று சாரணர் முழக்கத்தை ஷெட் கதவில் பெரிதாக எழுதி வைத்தவர் நீங்கள். ஷெட்டில் இருந்த வலைகளையெல்லாம் பிரித்துப் பார்த்தேன். கிழிந்தவற்றைத் தைத்துவிட்டேன். இனி ஆளுக்கு ஒன்று போக உபரியாகவும் எடுத்துப் போக வேண்டும். கொடுக்கிற பிள்ளை இருந்தால் அதற்கும் ஒன்று மிச்சம் இருக்க வேண்டும். இதைத்தான் நீங்கள் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாடத்தை நிறுத்தக் கூடாது, வலையைக் கூட்ட வேண்டும்.

அந்தச் சின்னப் பிள்ளை யார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதவே எழுதாதீர்கள். சனிக்கிழமை எல்லா ஸ்கார்ஃபையும் நான்தான் தேய்க்கிறேன். யார் என்று தெரிந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் என் கை வேறு மாதிரி போகும். அவனுக்கும் தெரியக் கூடாது. அவள் சொல்லாமல் செய்தது, சொல்லாமலே இருக்கட்டும்.

அவள் அப்பா லாரியிலிருந்து வந்ததும் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அப்புறம் சுவரை விட்டு என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டார்.

"வலையை நல்லா சொருகி விட்டாளாமா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். "கேட்டு எழுது" என்றார். அதனால் கேட்கிறேன்.

முகாம் நாளை மாற்றவில்லை. புதுப் பிள்ளைகளோடு நானும் உறுதிமொழி எடுக்கப் போகிறேன். "உங்க வயசுக்கு உண்டான்னு பார்க்கணும் ஆன்ட்டி" என்று கண்ணாடி இழுத்தாள். "உண்டாக்கிடலாம், நீ வரிசையைப் பாரு" என்றேன். நீங்கள் வந்தால் உங்களிடம் எடுப்பேன். வராவிட்டால் கண்ணாடியிடம் எடுப்பேன். அது செல்லாதுதான், ஆனாலும் எடுப்பேன்.

உங்கள் அக்கா,
பட்டாசின் அம்மா

*

ஜூலை 23

அக்காவுக்கு,

அவள் அப்பாவிடம் சொல்லுங்கள். நல்லா சொருகினாள். நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் கொடுத்து, உள்ளங்கையால் அழுத்திவிட்டாள். நீங்கள் துணியை மடித்ததும் ஒரு தடவை அழுத்துவீர்களே, அதே மாதிரி. அவன் புரண்டு படுத்ததில் ஒரு மூலை கழன்றது. மறுபடி எழுந்து வந்து அதையும் சொருகினாள். அதற்குப் பிறகுதான் படுத்தாள்.

இதை எழுதும்போதுதான் எனக்கே நினைவு வந்தது. இத்தனை நாளும் அவள் வலை இல்லாமல் படுத்ததை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஊருக்குத் திரும்புகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். முகாமுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும்? நான் வரிசையில் எங்கே நிற்பது? பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்களா?

தம்பி,
மாஸ்டர்

*

ஜூலை 27, சனி

தம்பிக்கு,

அவள் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பாய்க்கு அடியில் என்ற இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். அப்புறம் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.

நாலு மணிக்கு வாருங்கள். முன்னால் நிற்க வேண்டும், வேறு எங்கே? பிள்ளைகள் பார்ப்பார்களா என்று கேட்காதீர்கள், குண்டான் ஓடி வந்து கட்டிப்பிடித்து உங்களைக் கீழே தள்ளாமல் இருந்தால் சரி. லேட்டாக வருகிறவர்கள் முகாம் முழுக்கத் தண்ணீர் தூக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு விதி வைத்திருந்தீர்களாம். பிள்ளைகள் சொன்னார்கள். மூன்று மாதம் லேட்டு நீங்கள். வாளிகளைக் கழுவி வைத்திருக்கிறேன்.

அக்கா