பதில் வந்த நேரம்

நாள் 211, 08:10
விண்கப்பலில் இருவர்: மருத்துவர் பூங்கோதையாகிய நான், என் கணவர் பொறியாளர் குழந்தைவேலு. காற்று, நீர் சரி. இன்று அவருக்கு நாற்பது நாள் உறக்கம் தொடங்குகிறது. அதைத் தொடங்கிவைக்கும் மயக்கமருந்தைப் போடுபவர் "போட்டாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். குறிப்பில் அதற்கு ஒரு கட்டம் உண்டு: பதில் வந்த நேரம்.

09:40
கட்டம் காலி. நான்கு நாளாக நாங்கள் பேசுவதில்லை. கட்டுப்பாட்டுத் தளத்துக்கு அனுப்பிய செய்தியில், "எங்க டாக்டரம்மாவுக்கு மறதி கூடிப்போச்சு" என்று சிரித்திருந்தார். மறக்கவில்லை என்று காட்ட, படுத்திருந்தவருக்கு நானே ஊசி போட்டேன். போட்டாச்சு என்று நான் வாய் திறக்கவில்லை.

09:52
மூச்சு நிமிடத்துக்கு நான்கு. குப்பைக் கூடையில் இரண்டு காலி மயக்கமருந்துக் குப்பிகள். அவரும் முன்பே தானே போட்டுக்கொண்டுவிட்டார். அவரும் சொல்லவில்லை.

09:58
எதிர்மருந்து கொடுத்தேன். கண் திறந்தார். "கோவந் தீந்துச்சா அம்மணி?" நடந்ததைச் சொன்னேன். "ரெண்டு பேருமே போட்டுட்டமா? நல்ல புருசன் பொண்டாட்டி போ."
எதிர்மருந்து முக்கால் மணி நேரம்தான் நிற்கும். இரட்டை அளவு மயக்கமருந்து இரண்டு நாள் நிற்கும். எதிர்மருந்து மீதம் மூன்று குப்பி.

10:36
மறுபடி மயக்கத்தில் மூழ்கிவிட்டார். சுவாசக் கருவி பழுதாகி ஐம்பது நாள் ஆகிறது. தளத்திலிருந்து: "காற்றுப் பையை முகத்தில் வைத்துக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுங்கள். எதிர்மருந்தை நீங்கள் தூங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்."

நாள் 212, 06:15
இரவெல்லாம் அழுத்தினேன். விரல்கள் மடங்கவில்லை. இரண்டாம் குப்பி. "கொஞ்சம் தூங்கு. மயக்கம் வந்தா எழுப்பிடறேன்." சொன்னபடி எழுப்பினார். நாற்பது நிமிடம் தூங்கியிருக்கிறேன்.

16:20
இதைக் கண்டெடுப்பவருக்கு: கையெழுத்துக்கு மன்னிக்கவும். இரண்டு முறை பையைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். மூன்றாம் குப்பி போட்டேன். கொப்புளம் உடைந்த என் உள்ளங்கையை அவர் வெகுநேரம் பார்த்தார். "நீயும் விழுந்துட்டா கப்பல யாரு ஓட்டறது? படு அம்மணி." மறதி பற்றிச் சொன்னது விளையாட்டுக்கு என்றார். தெரியும் என்றேன். அலாரம் வைத்துவிட்டுப் படுக்கிறேன்.

18:47
யாரும் எழுப்பவில்லை. தானாக விழித்தேன். அலாரம் அணைந்திருந்தது. பொத்தான்மேல் அவர் குளிர்ந்த விரல்.

18:49
நான்காம் குப்பி. போட்டாச்சு என்று உரக்கச் சொன்னேன்.

18:55
மறுபடி சொன்னேன்.

பதில் வந்த நேரம்: